சிவயோகம் தர்மலிங்கம், ஏழாம் ஃபாரம்

யோகம் அக்கா காலமான செய்தி புதன்கிழமை காலை எனக்கு அலுவலகத்தில் கிடைத்தது. தொலைபேசியில் அழைத்தவர் அவருடைய மகள் சாருமதி. என்னிடம் எப்போதும் ஆங்கிலத்திலேயே பேசுகிற பெண். அன்று, "வசந்தி ஆன்ட்டி, அம்மா விடிய போயிட்டா" என்று தமிழில் சொன்னார்.

மாலையில் ஆக்லாந்தின் நியூ லின் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காவின் கணவர் தர்மலிங்கம் அண்ணன், தமிழ்ச் சங்கத்துக்காரர்களோடு உட்கார்ந்து மரண அறிவித்தல் எழுதிக்கொண்டிருந்தார். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பெற்றோர் பெயர் எல்லாம் எழுதியாகிவிட்டது. தொழில் என்ற இடத்தில் பேனா நின்றிருந்தது.

"என்ன போடுறது, வசந்தி? வீட்டிலை இருந்தவ எண்டு போட்டால் எழும்பி வந்து கேப்பா" என்றார்.

மாணவி என்று போடச் சொன்னேன். சங்கச் செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பத்தாறு வயதில் இறந்தவருக்கு அப்படிப் போடும் வழக்கம் இல்லை என்றார். இருந்தாலும் போட்டார்கள். அதற்கு விளக்கம் கொடுக்கும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்ததால், சங்கத்தின் இதழில் இதை எழுதுகிறேன். அவரை அறியாதவர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன்: யோகம் அக்கா தம் நாற்பத்தொன்றாம் வயதில் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் ஏழாம் ஃபாரத்தில், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பில், சேர்ந்து படித்தார். அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதே பல்கலைக்கழகத்திலும் ஒரு பாடம் படித்தார். இரண்டும் உண்மை. இரண்டுக்கும் நான் சாட்சி.

அக்கா யாழ்ப்பாணத்தில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதியவர். அது எழுபதுகள். தரப்படுத்தல் வந்திருந்த காலம். திருச்சியிலிருந்து வந்த எனக்கு அந்தச் சொல்லின் பொருளை அவரே விளக்கினார். ஒருவர் வாங்கிய மதிப்பெண் அவர் எந்த மொழியில் எழுதினார், எந்த மாவட்டத்திலிருந்து எழுதினார் என்பதைப் பொறுத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போதுமானதாகவோ போதாததாகவோ ஆகும். அக்காவுடையது போதாததாக ஆயிற்று. "வெட்டுப்புள்ளிக்குக் கீழை நிண்டிட்டன்" என்று, பேருந்தைத் தவறவிட்டவர் சொல்வது போலச் சொல்வார். அதன் பிறகு குமாஸ்தா வேலை, கல்யாணம், மகள், நாட்டில் போர், கொழும்பு, கடைசியில் ஆக்லாந்து. வங்கியில் அதிகாரியாக இருந்த தர்மலிங்கம் அண்ணனுக்கு இங்கே சூப்பர் மார்க்கெட்டில் வேலை கிடைத்தது. வங்கியில் இருந்ததை விடப் பொருள்கள் ஒழுங்காக அடுக்கி இருக்கின்றன என்று அவர் சொல்வதுண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் அவர்களுக்கு எதிர்வீட்டில் குடிவந்தேன். ஒரு தை மாதக் கடைசியில், சாருவை ஆறாம் ஃபாரத்தில் பதிவதற்காக அக்கா பள்ளிக்குப் போனார். பதிவு முடிந்ததும், தம் வயதுக்காரர் யாராவது இங்கே படிக்கலாமா என்று அலுவலகப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். முடியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சமைப்பதே திட்டம். அந்தப் பெண்ணோ, "தாராளமாக. செவ்வாய்க்கிழமை தொடங்குகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். பெரியவர்கள் பள்ளி வகுப்பில் வந்து உட்காருவது இந்த நாட்டில் சாதாரணம் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

"அவ்வளவு கெதியாய் ஓம் எண்டு சொன்னதும் எனக்குப் பயமாப் போச்சு" என்றார் அக்கா. "பிழையான கதவைத் தட்டிப்போட்டனோ எண்டு பாத்தன்."

பெரியவர்களுக்குச் சீருடை கிடையாது. ஆனால் அந்தப் பள்ளியின் நிறம் கரும்பச்சை என்று தெரிந்ததும் அக்கா கரும்பச்சையில் சேலைகளும் வெள்ளைச் சட்டைகளும் எடுத்துக்கொண்டார். அவசியமில்லை என்று வகுப்புப் பொறுப்பாசிரியர் எடுத்துச் சொன்னார். "பள்ளிக்கூடம் எண்டால் யூனிபோம் வேணும்" என்று அக்கா அவருக்கு விளக்கினார். சாரு வீட்டில் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தார். பள்ளி வாசலைத் தாண்டியதும் தாயும் மகளும் ஒருவரையொருவர் தெரியாதவர்கள். அக்கா உடனே சம்மதித்தார். மகளுக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அக்கா ஏன் பள்ளிக்குப் போனார் என்பதைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போவதற்குத்தான். பள்ளியின் கடைசிப் பரீட்சையில் போதிய மதிப்பெண் வாங்கினால்தான் பல்கலைக்கழகம் என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆக்லாந்தில் அப்போதிருந்த தமிழர் அத்தனை பேரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

முதல் தவணை முடிவதற்குள் கால்குலஸ் ஆசிரியருக்கு அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆண்டு முழுவதற்குமான பாடத்தை அவர் இருபது வருடங்களுக்கு முன்பே முடித்திருந்தார். நகரத்துப் பல்கலைக்கழகத்தோடு அந்தப் பள்ளிக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஏழாம் ஃபாரத்தின் மிகச் சிறந்த இரண்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் முதலாண்டுக் கணிதப் பாடத்தை அங்கேயே போய்ப் படிக்கலாம். அந்த இரண்டு இடங்களில் ஒன்று ஒரு சீனப் பையனுக்குப் போயிற்று. மற்றது திருமதி தர்மலிங்கத்துக்கு.

வாரத்தில் சில பிற்பகல்களில் அக்கா நியூ லின்னிலிருந்து ரயிலேறி நகரத்துக்கு வருவார். வகுப்பு முடிந்ததும் என் அலுவலகம் விடும் நேரமாகிவிடும். என் காரில் திரும்புவோம். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த மாலை நேர நெரிசலில் தெரிந்துகொண்டது.

செய்தி பரவியது. சனிக்கிழமைகளில் வாடகை மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கும். பிள்ளைகள் உள்ளே அகரம் எழுத, பெற்றோர் வெளியே தேநீர் குடிப்போம். அங்கேதான் கமலா அக்கா யோகம் அக்காவிடம் வந்தார். கமலா அக்காவின் மகள் நிர்மலா அதே பள்ளியில் அதே ஏழாம் ஃபாரம். கமலா அக்காவைக் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன். "எழுதும். நான் சொன்னதுதானே" என்றார்.

"யோகம், உமக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தொண்டு."

"எங்கடை நிர்மலாவுக்குப் பதினேழு. உது பிள்ளையளுக்கெண்டு வைச்ச இடமெல்லே?"

"ஓம்."

"இருக்கிறதே ரெண்டு இடம். அதிலை ஒண்டிலை நீர் போய் ஏறி இருக்கிறீர். என்ரை பிள்ளை வீட்டை வந்து ஒண்டும் கதைக்கிறாளில்லை. அறைக்குள்ளையே கிடக்கிறாள்."

யோகம் அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நிர்மலாவோ அடுத்ததா நிண்டவள்?" என்று கேட்டார்.

"ஓம். உமக்கு அடுத்தது அவள்தான்."

சுற்றி நின்றவர்கள் பிஸ்கட்டை உற்றுப் பார்த்தார்கள். திங்கட்கிழமை மாலை காரில், நியூட்டன் பாலத்தருகே வண்டிகள் நகராமல் நின்றபோது, யோகம் அக்காவே அந்தப் பேச்சை எடுத்தார்.

"வசந்தி, அண்டைக்கு எனக்கு விட்டுப்போன இடத்திலையும் ஆரோ ஒரு பெட்டை போய் இருந்திருப்பாள்தானே. அவளுக்கு என்ன தெரியும், பாவம். தான் படிச்சு வந்தது எண்டுதான் நினைச்சிருப்பாள்."

"நீங்க மதிப்பெண் வாங்கித்தானே அக்கா வந்தீங்க? யாரோடதையும் பறிக்கலையே."

"அவளும் பறிக்கேல்லைத்தானே."

வண்டிகள் நகரத் தொடங்கியதும், இடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கொடுத்த பிறகும் வகுப்பின் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்து கேட்பதற்கு ஏதாவது வழி உண்டா என்று பல்கலைக்கழகத்தில் விசாரிக்க வேண்டும் என்றார். நான் மதிய உணவு இடைவேளையில் அவரோடு போனேன்.

கவுன்டரில் காதில் வளையம் போட்ட ஓர் இளைஞர் இருந்தார். அக்கா தம் நிலைமையை முழுதாகச் சொன்னார்: பள்ளி, ஏற்பாடு, இரண்டு இடம், அடுத்து நிற்கிற பிள்ளை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பிறந்த வருடத்தை மட்டும் கேட்டார். பிறகு, "உங்களுக்கு இருபது வயது தாண்டிவிட்டதே. நீங்கள் நேரடியாகச் சேர்ந்துகொள்ளலாம்" என்றார்.

"எவ்வளவு மாக்ஸ் வேணும்?" என்பதை அக்கா ஆங்கிலத்தில் கேட்டார்.

மதிப்பெண் எதுவும் வேண்டாம். இங்கே வசிக்கும் உரிமையும் இருபது வயதும் இருந்தால் போதும்.

பரீட்சை? பரீட்சையும் இல்லை. ஏன் இல்லை என்று அக்கா கேட்டார். அந்த இளைஞருக்கு அது தெரியவில்லை. அவரிடம் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை போலும்.

வெளியே பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்கா சிரிக்கத் தொடங்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கடந்துபோன மாணவர்கள் சிலர் காரணம் தெரியாமல் தாங்களும் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இருவது வயசு எனக்கு எப்பவோ வந்திட்டுது" என்றார்.

எங்கள் சமூகத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. விசா விதிகளில் எங்களை மிஞ்ச ஆளில்லை. மார்ட்கேஜ் வட்டி எந்த வங்கியில் எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் இந்த ஒரு விதி மட்டும் எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தால் அச்சுப்பிழை என்று தள்ளியிருப்போம். வயது வந்தால் உள்ளே விடுகிற பல்கலைக்கழகம் ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நம்புவதற்கு எங்களைப் பெற்றவர்கள் எங்களை வளர்க்கவில்லை. விஷயம் மண்டபத்துக்கு எட்டியபோது பலர் மகிழ்ந்தார்கள். சிலருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் மேலிருந்த மரியாதை குறைந்தது. பிள்ளைகளை மெல்போர்னுக்கு அனுப்பலாமா என்றுகூட யோசித்தார்கள்.

அக்கா பள்ளி ஏற்பாட்டிலிருந்து விலகினார். அந்த இடம் நிர்மலாவுக்குப் போயிற்று. அக்கா இருபது வயது தாண்டியவராகத் தனியே பதிந்துகொண்டு, அதே வகுப்பில், அதே பாடத்தைத் தொடர்ந்தார். நிர்மலா முதல் நாள் வேறு வரிசையில் உட்கார்ந்தாராம். இரண்டாம் வாரம் பக்கத்தில் வந்துவிட்டார். பிறகு இருவரும் ஒன்றாக ரயிலில் வருவார்கள், ஒன்றாகச் சிப்ஸ் வாங்குவார்கள், என் காரின் பின் இருக்கையில் வீட்டுக்கணக்கைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

"ஆன்ட்டி, உங்கட மெதட் சரியான லோங்."

"லோங்தான். ஆனால் விடை வரும். உம்மடை குறுக்குவழியிலை விடை வந்ததோ?"

"நோ."

"பின்னை?"

பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டதால் அக்கா பள்ளியை விட்டுவிடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் விடவில்லை. காலை ஒன்பது மணிக்குப் பச்சைச் சேலையோடு பள்ளிக்குப் போய்க்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டவர்களிடம், இன்னும் பள்ளிக்கூடம் முடியவில்லையே என்றார். அந்தப் பதிலில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை.

ஐப்பசியில் பரீட்சை அட்டவணைகள் வந்தன. பள்ளியின் கால்குலஸ் பரீட்சையும் பல்கலைக்கழகத்தின் கணிதப் பரீட்சையும் ஒரே நாள் காலையில் விழுந்தன. நிர்மலாவுக்கும் சீனப் பையனுக்கும் கவலையில்லை. பள்ளி ஏற்பாட்டில் வந்தவர்களுக்குப் பல்கலைக்கழகம் வேறொரு நாளில் தனியாகப் பரீட்சை வைக்கும். அக்கா இப்போது அந்த ஏற்பாட்டில் இல்லை. அவர் பெரியவராகச் சேர்ந்தவர். பெரியவர் ஒருவருக்குப் பள்ளிப் பரீட்சை இருக்கக்கூடும் என்று அந்த விதியை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. விரிவுரையாளர் அவருக்காக அலுவலகத்தில் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை. இடத்தை விட்டுக்கொடுத்ததன் பலனை அக்கா இப்படி அனுபவித்தார்.

இரண்டில் ஒன்றைத்தான் எழுத முடியும். எதை என்பதில் ஆக்லாந்துத் தமிழரிடையே வரலாற்றில் முதல் தடவையாகக் கருத்து வேறுபாடு இல்லாமல் இருந்தது. பல்கலைக்கழகப் பரீட்சையை எழுத வேண்டும். பள்ளிப் பரீட்சையால் அவருக்கு இனி எள்ளளவும் பயனில்லை. கமலா அக்காவே வீட்டுக்கு வந்து கையைப் பிடித்துச் சொன்னார். அக்கா எல்லோரையும் கேட்டுக்கொண்டார். பிறகு பள்ளிப் பரீட்சையை எழுதப் போவதாகச் சொன்னார்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் தர்மலிங்கம் அண்ணன். நான் அப்போது அங்கே இருந்தேன். "கம்பஸ் சோதினையை விட்டிட்டுப் பள்ளிக்கூடச் சோதினைக்குப் போற முதல் ஆள் நீராத்தான் இருக்கும்."

"இஞ்சருங்கோ, முதல் ஆளா வாறது எனக்கு இப்பதான் கிடைக்குது. விடுங்கோ."

அண்ணன் விடவில்லை. ஒரு வருடம் வீணாகும் என்றார். ரயிலில் போய் வந்த பிற்பகல்கள் அத்தனையும் வீண் என்றார். அதற்காகத் தான் சனி ஞாயிறும் வேலைக்குப் போனதைச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தது எல்லோருக்கும் கேட்டது. அக்கா அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

"நான் கம்பசுக்குப் போகலாம். அடுத்த வரியமும் போகலாம், அறுவது வயசிலையும் போகலாம். அது வயசைக் காட்டினால் விடுவினம். பள்ளிக்கூடத்தை மாக்ஸைக் காட்டித்தான் முடிக்க வேணும். ஒருக்கா எழுதினன். மாக்ஸ் காணாது, போதாது எண்டிட்டினம். உண்மையாவே காணாதோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. எனக்கு அது தெரியோணும்."

பரீட்சையன்று அண்ணன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு அவரே பள்ளி வாசல்வரை நடந்து கூட்டிப்போனார். நானும் போனேன். சாருவுக்கு அன்று பள்ளியில் வேலை இல்லை. ஆனாலும் வந்திருந்தார். தாயை உள்ளே போகிற மாணவர் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க, அவர் சேலை மடிப்பைச் சரிசெய்துவிட்டார். அக்கா சாருவிடம் மெதுவாக, "வாசல் தாண்டீட்டம். நீ என்னைத் தெரியாத ஆள்" என்றார். சாரு ஆங்கிலத்தில் அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

அதே நேரத்தில் நகரத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் அவருக்கென்று போட்டிருந்த நாற்காலி காலியாக இருந்தது. அந்த வருடம் பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்த முடிவு, பரீட்சைக்கு வரவில்லை என்பது.

பள்ளி முடிவுகள் கோடை விடுமுறையில் வந்தன. நான் தெருவைக் கடந்து போனபோது அக்கா தபால்பெட்டி அருகிலேயே நின்றிருந்தார். எங்கள் ஆட்களிடம் மதிப்பெண் என்ன என்று கேட்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. அதனால் கேட்டேன்.

"காணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் அதற்குப் போதும் என்று பொருள். திரும்பவும், "காணும், வசந்தி" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அதற்கு மேல், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

இந்த நாட்டிலும் பள்ளிப் பரீட்சை மதிப்பெண்களைப் பாடத்துக்குப் பாடம் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவது உண்டு என்று எனக்குப் பின்னால் தெரியவந்தது. அவரிடம் சொல்வதா என்று வெகு நாள் தயங்கினேன். ஒருநாள் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "ஓம், இஞ்சையும் கூட்டிக் குறைக்கினம். ஆனால் ஆர், எந்த ஊர் எண்டு கேட்டுக் குறைக்கேல்லை" என்றார்.

அடுத்த வருடம் அதே பல்கலைக்கழகப் பாடத்தைத் திரும்பப் படித்துத் தேறினார். அதன் பிறகு ஒவ்வொன்றாக, வீட்டு வேலைக்கும் பகுதி நேர வேலைக்கும் நடுவில், படித்துக்கொண்டே இருந்தார். பட்டம் முடியவில்லை. போன கோடையில் நோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கும் கணிதப் புத்தகத்தை எடுத்துப்போனார். தாதிமார் அதைப் பார்த்து அவரை ஆசிரியர் என்று நினைத்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் திருத்தினார்.

கடைசியாகப் பார்த்தபோது, இரண்டாயிரம் பிறக்கும் நள்ளிரவில் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடுமாமே என்று பேசிக்கொண்டிருந்தோம். அதைப் பார்க்க முடியாது என்பதில் அவருக்கு வருத்தம் இருந்தது. பிறகு சொன்னார்: "என்னைப் பற்றி நீர்தான் ஏதும் எழுதுவீர். நாப்பது வயசிலை படிச்சவ எண்டு பெரிசா எழுத வேண்டாம்."

"வேற என்னன்னு எழுதட்டும், அக்கா?"

"பள்ளிக்கூடத்துக்கு ஒருநாளும் பிந்திப் போகேல்லை எண்டு எழுதும். அது உண்மை."

எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை மழை. மயானத்து மண்டபம் நிறைந்து, ஆட்கள் வெளியே குடைகளோடு நின்றார்கள். உறவினர் பேசினார்கள். சங்கத்தின் சார்பில் செயலாளர் பேசினார். பிறகு அவர் கையிலிருந்த தாளைப் பார்த்து, "அடுத்ததாக, அன்னாரின் பள்ளித் தோழி" என்று அறிவித்தார். எல்லோரும் முன்வரிசையில் இருந்த வயதான பெண்களைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று என் பின்னால் ஒருவர் கேட்டார்.

கமலா அக்காவின் பக்கத்திலிருந்து நிர்மலா எழுந்தார். இப்போது அவர் என்ஜினியர். வயது இருபத்திரண்டு. ஒலிபெருக்கியைத் தம் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு தமிழில் பேசினார். தமிழ் அவருக்கு இலகுவாக வருவதில்லை. அதனால் நெடுநேரம் பேசவில்லை.

"யோகம் ஆன்ட்டியும் நானும் ஏழாம் ஃபாரத்திலை ஒண்டாப் படிச்சனாங்கள். கால்குலஸ் சோதினையிலை எங்கட ஸ்கூலிலை அவதான் முதலாவது. நான் ரெண்டாவது."

சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். கமலா அக்கா மடியில் கைகளைக் கோத்தபடி, நேரே பார்த்துக்கொண்டு, தலையை அசைத்தார். "ஓம். அப்பிடித்தான்" என்றார். அமைதியான மண்டபத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

முடிவு வாசித்தாகிவிட்டது, அக்கா. வகுப்பு முடிந்தது. இனி நீங்கள் எழுந்து போகலாம்.